சேர்வராயன் மலையும் என்ட்ரோபியும்

சேலம் மாநகருக்கு வடக்கே, சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பது சேர்வராயன் மலைத்தொடர். அதன் தட்டையான முதுகின்மேல், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் ஏற்காடு. ஏரியும் காடும் கூடிய இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். 1,600 மீட்டரைக் கடந்து நிற்கும் மலைமுடியில், குகைக் கோயிலில், சேர்வராயன் எழுந்தருளியுள்ளார். மலைவாழ் மக்கள் அவரைத் தம் குலங்காக்கும் தெய்வமாகப் போற்றி, ஆண்டுதோறும் மே மாதத்தில் விழா எடுக்கின்றனர்.

ஏற்காட்டில் ‘லேடீஸ் சீட்’ என வழங்கும் மலைவிளிம்பில் நின்று கீழே நோக்குவார்க்கு மலையடிவாரத்தில் வெண்ணிறத் திட்டுக்கள் தோன்றும். அவை வெள்ளைக்கல் வெட்டியெடுத்த பள்ளங்களும் குவியல்களும் ஆகும். அவற்றுக்கு அப்பால் சேலம் நகரமும், நகருக்குத் தென்மேற்கே இரும்புக்கல் செறிந்த கஞ்சமலையும் உள்ளன. வானம் தெளிந்த நாளில் மேற்கே மேட்டூர் நீர்த்தேக்கத்தையும் காணலாம். நோக்குவோர் நிற்கும் மலையின் உச்சித் தட்டுக்களிலோ அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பாக்சைட் படிந்துள்ளது. ஆக, ஒரே பார்வை எல்லைக்குள் மூன்று கனிமங்கள் அடங்குகின்றன: இரும்புக்கல், வெள்ளைக்கல், பாக்சைட்.

இம்மூன்றையும் மாந்தர் மூன்று வேறு வழிகளில் உருமாற்றினர். இரும்புக்கல்லைக் கரியுடன் சேர்த்து உருக்கினர். வெள்ளைக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டனர். பாக்சைட்டிலிருந்து பெற்ற அலுமினாவை மின்னாற்றலால் பிரித்தனர். வழிகள் மூன்றாயினும் அவற்றை ஆளும் விதி ஒன்றே. அவ்விதியின் மையமாக விளங்குவது என்ட்ரோபி என்னும் கருத்து.

வேதியியல் பயிலும் மாணவர் அஞ்சி ஒதுங்கும் கருத்துக்களுள் என்ட்ரோபியும் ஒன்று. ‘ஒழுங்கின்மையின் அளவு’ எனப் பாடநூல் ஒரு தொடரில் கூறி முடிக்கும். மாணவரும் அத்தொடரை மனனம் செய்து, தேர்வில் எழுதி, மறந்துவிடுவர். ஆயின், அக்கருத்தைத் தெளிவுற அறியச் சேலத்து மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவர்தம் மலையின் வரலாறே அதற்குத் தக்க உரையாக அமைந்துள்ளது. அவ்வுரை கூறும் முடிவு இதுவே: ஓரிடத்தில் பிரித்துத் தூய்மையாக்கிய பொருளுக்குரிய விலை, பிறிதோரிடத்தில் சிதறலாகச் செலுத்தப்பட்டே தீரும்.

கஞ்சமலையின் உலைகள்

கஞ்சமலைப் பாறைகளில் மேக்னடைட் எனப்படும் காந்த இரும்புக்கல், குவார்ட்சுடன் அடுக்கடுக்காகக் கலந்து கிடக்கின்றது. அக்கல்லை உடைத்துப் பொடித்தும், மழைநீர் அரித்துக் கொணர்ந்த கருமணலைத் திரட்டியும், மண்ணால் எழுப்பிய சிற்றுலையில் மரக்கரியுடன் இட்டு, தோல் துருத்தியால் ஊதி இரும்பு பிரிக்கும் தொழில் சேலம் வட்டாரத்தில் வழிவழியாக நிகழ்ந்து வந்தது. இவ்வட்டாரத்து எஃகின் தரம் ஐரோப்பியர் கருத்தையும் ஈர்த்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆட்சிப் பணியிலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார், 1825ஆம் ஆண்டில் அப்பணியைத் துறந்து, 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேய முறையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் வட்டாரத்து இரும்புக்கல்லே அவ்வாலைக்கு மூலப்பொருள் ஆயிற்று. இங்கிலாந்தின் உலைகள் நிலக்கரியால் எரிந்தன. பரங்கிப்பேட்டை உலைக்கோ மரக்கரியன்றி வேறில்லை. காடுகள் கரியாயின, கரி கொணரும் தொலைவு நீண்டுகொண்டே சென்றது. கரித் தட்டுப்பாடும் பொருளிழப்பும் சேர்ந்து அம்முயற்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிவுக்குக் கொணர்ந்தன.

இவண் ஒரு வினா எழுகின்றது. இரும்பு பிரிப்பதற்கு இத்துணைக் கரி எதற்கு? உலையில் கரிக்கு இரண்டு பணிகள் உண்டு. எரிந்து வெப்பந் தருவது ஒன்று. இரும்புடன் பிணைந்துள்ள ஆக்சிஜனைக் கவர்ந்து வாயுவாக வெளியேற்றுவது மற்றொன்று. இரண்டாவது பணி வெப்பம் கொள் வினையாகும். மேக்னடைட்டும் கரியும் வினைபுரிந்து மூன்று மோல் இரும்பு கிடைக்கும்போது, ஏறத்தாழ 330 கிலோஜூல் வெப்பம் உள்வாங்கப்படுகின்றது. எரிந்து வெப்பத்தை வெளிவிடும் வினை தானே நிகழ்வது இயல்பு எனக் கொள்ளலாம். வெப்பத்தை விழுங்கும் வினை எதனால் நிகழ்கின்றது? துருத்தி ஊதிய கொல்லர் இது நிகழும் என்பதை நன்கறிவர். எதனால் நிகழ்கின்றது என்பதை அவரும் அறிந்திலர், ஹீத்தும் அறிந்திலர், 1830ஆம் ஆண்டில் உலகில் எவரும் அறிந்திலர்.

ஒரு சொல் பிறந்த வரலாறு

ஹீத் தம் ஆலையை எழுப்புவதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1824ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் சாடி கார்னோ என்னும் இளம் பொறியாளர் நெருப்பின் இயக்கு ஆற்றல் பற்றிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். நீராவி எந்திரத்தில் வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குப் பாயும்போதுதான் வேலை கிட்டுகின்றது என்பதும், அவ்வேலைக்கு மீறவியலாத ஒரு மேல்வரம்பு உண்டு என்பதும் அந்நூலின் சாரம். கார்னோ தம் 36ஆம் வயதில், 1832ஆம் ஆண்டில், காலரா நோயால் மறைந்தார். அவர் வாழ்நாளில் அந்நூலைக் கற்றவர் மிகச் சிலரே.

கார்னோவின் கருத்தை வளர்த்தெடுத்து அதற்குக் கணித வடிவம் தந்தவர் செருமானிய அறிஞர் ருடால்ஃப் கிளாசியஸ். பெற்ற வெப்பத்தை அது பெறப்பட்ட வெப்பநிலையால் வகுத்தால் கிடைக்கும் அளவு ஒன்றை அவர் கண்டார். அதற்கு 1865ஆம் ஆண்டில் ‘என்ட்ரோபி’ எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘த்ரோப்பே’ என்பது மாற்றத்தைக் குறிக்கும். ‘எனர்ஜி’ என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் இவ்வடிவத்தைத் தேர்ந்தார். உலகின் ஆற்றல் மாறாதது, என்ட்ரோபியோ பெருமத்தை நோக்கியே செல்வது என்பன அவர் நிறுவிய இரு முடிவுகள். தமிழில் இச்சொல்லை அவ்வாறே வழங்குவாரும், ‘சிதறம்’ என மொழிபெயர்ப்பாரும் உளர்.

கிளாசியஸ் அளவைத் தந்தார். அதன் பொருளை விளக்கியவர் ஆஸ்திரியாவின் லுட்விக் போல்ட்ஸ்மான். ஒரு பெட்டியில் பத்து வாயு மூலக்கூறுகள் உள்ளன என்க. ஒவ்வொன்றும் இடப்பாதியிலோ வலப்பாதியிலோ இருக்கலாம். இவ்வாறு அமையத்தக்க வகைகள் 1,024. பத்தும் இடப்பாதியிலேயே அடங்கியிருப்பது அவற்றுள் ஒரே ஒரு வகை. மூலக்கூறுகள் நூறாயின், அவ்வாறு ஒருங்கே அடங்கும் வாய்ப்பு ஒன்றுக்குப் பின் முப்பது சுழியிட்ட எண்ணில் ஒன்றுக்கும் குறைவாகும். வாயு பரவுவதற்கு எந்தக் கட்டளையும் தேவையில்லை. பரவிய அமைப்புக்கள் எண்ணிறந்தன, குவிந்த அமைப்புக்கள் மிகச் சில என்பதே காரணம். ஒரு நிலைக்குரிய அமைப்பு வகைகளின் எண்ணிக்கையே அந்நிலையின் என்ட்ரோபியைத் தருகின்றது என 1877ஆம் ஆண்டில் போல்ட்ஸ்மான் நிறுவினார். அவ்வாய்பாடு வியன்னாவில் அவர் கல்லறையின்மேல் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆகவே ‘ஒழுங்கின்மை’ என்னும் விளக்கம் அரைகுறையானது. கலைந்து கிடக்கும் அறையையோ குலைந்து கிடக்கும் புத்தக அடுக்கையோ என்ட்ரோபி குறிப்பதன்று. பொருளும் ஆற்றலும் எத்தனை வகைகளில் பரந்து அமையக்கூடும் என்னும் எண்ணிக்கையையே அது குறிக்கின்றது. திண்மப் படிகத்தில் அணுக்கள் தத்தம் இடத்தில் நின்று அதிர்வதன்றி அலைவதில்லை; வாயுவில் அவை எங்கும் திரிகின்றன. எனவே அறை வெப்பநிலையில் ஒரு மோல் இரும்பின் என்ட்ரோபி கெல்வினுக்கு 27 ஜூல் அளவே. கிராஃபைட் வடிவக் கரியின் என்ட்ரோபி 6 ஜூல். கரியமில வாயுவினதோ 214 ஜூல்.

இவ்வெண்கள் கஞ்சமலை உலையின் புதிரை அவிழ்க்கின்றன. உலையில் இடப்படுவன இரண்டும் திண்மங்கள். வெளிவருவனவற்றுள் ஒன்று வாயு. கல்லும் கரியும் நேரே தொட்டு வினைபுரிவதைவிட, இடையில் தோன்றும் கார்பன் மோனாக்சைடு வாயுவே பெரும்பணி ஆற்றுகின்றது எனினும் இறுதிக் கணக்கு மாறுவதில்லை. வாயு விடுதலை பெறுவதனால் என்ட்ரோபி பெரிதும் உயர்கின்றது. அவ்வுயர்வே வெப்பச் செலவை ஈடுசெய்கின்றது. கணக்கின்படி ஏறத்தாழ 670 பாகை செல்சியஸ் வெப்பநிலையைக் கடந்தால் இரும்பு பிரிதல் இயல்பாகின்றது. உலையில் இரும்பு ஓரிடத்தில் குவிந்தது. காடு கரியமில வாயுவாகி வானில் சிதறியது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

வெள்ளைக்கல் தந்த விடை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வேதியியலார் பலர் வேறொரு கொள்கையைப் பற்றி நின்றனர். டென்மார்க்கின் ஜூலியஸ் தாம்சன் 1854ஆம் ஆண்டிலும், அவரைத் தொடர்ந்து பிரான்சின் மார்செலின் பெர்த்தலோவும் முன்வைத்த கொள்கை அது. தானே நிகழும் வேதிவினைகள் யாவும் வெப்பத்தை வெளிவிடுவன என்பது அதன் சுருக்கம். பல வினைகளுக்கு அது பொருந்தியது. ஆதலின் நெடுங்காலம் நின்றது. ஆயின், சுண்ணாம்புக் காளவாய் ஒன்றே அதனை மறுக்கப் போதுமானது. சேலத்து வெள்ளைக்கல் சூளையும் அவ்வாறே.

ஆங்கிலேயர் மலையடிவாரத்து வெண்ணிறக் குன்றுகளைக் கண்டு ‘சாக் ஹில்ஸ்’, அதாவது சுண்ணக் குன்றுகள், எனப் பெயரிட்டனர். பெயர் நிலைத்துவிட்டது; ஆயினும் அது சுண்ணம் அன்று. மேக்னசைட் எனப்படும் மெக்னீசியம் கார்பனேட் அது. மக்கள் வழக்கில் ‘வெள்ளைக்கல்’ என்பதே அதன் பெயர். இதனைச் சுட்டால் கரியமில வாயு நீங்கி மெக்னீசியா எஞ்சுகின்றது. மெக்னீசியா உருகுவதற்கு 2,800 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். ஆதலால் எஃகு உலைகளின் உட்சுவருக்கான தீச்செங்கல் செய்ய அது இன்றியமையாததாயிற்று. உலகில் எஃகுத் தொழில் வளர வளர, சேலத்து வெள்ளைக்கல்லின் மதிப்பும் உயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் இக்குன்றுகளில் பல நிறுவனங்கள் சுரங்கம் நடத்தின. தமிழ்நாடு அரசும் 1979ஆம் ஆண்டில் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தை அமைத்தது.

சூளையில் நிகழ்வதைக் கணக்கிட்டுக் காண்பது தக்கது. ஒரு மோல் வெள்ளைக்கல் சிதைய ஏறத்தாழ 110 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அச்சிதைவால் கல்லும் வாயுவும் சேர்ந்த தொகுதியின் என்ட்ரோபி, கெல்வினுக்கு 175 ஜூல் அளவு உயர்கின்றது. அதே வேளையில், வெப்பத்தை ஈந்த சுற்றுப்புறம் என்ட்ரோபியை இழக்கின்றது. அவ்விழப்பு, ஈந்த வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது. சேலத்தின் பகல்வேளையில், அதாவது 300 கெல்வினில், இழப்பு ஏறத்தாழ 367, வரவு 175. இழப்பே மிகுதி. எனவே வெள்ளைக்கல் வெயிலில் கிடந்தும் சிதையாமல் கல்லாகவே நிற்கின்றது. சூளையில் 1,000 கெல்வினில், அதாவது 727 பாகை செல்சியஸில், இழப்பு 110 ஆகக் குறைகின்றது. வரவு அதே 175. வரவு மிஞ்சுகின்றது, கல் சிதைகின்றது.

வரவும் இழப்பும் சமனாகும் இடம் கணக்கின்படி 350 பாகை செல்சியஸ் அளவில் அமைகின்றது. எனினும் அவ்வெப்பநிலையில் சூளையை நிறுத்தினால் தொழில் நடவாது. வினை நிகழக்கூடுமா என்பதை மட்டுமே என்ட்ரோபிக் கணக்கு சொல்லும். எத்துணை விரைவில் நிகழும் என்பதைச் சொல்லாது. விரைவு வேண்டிச் சூளைக்காரர் 700 பாகைக்கு மேலும், செங்கல்லுக்குரிய இறுகிய மெக்னீசியா வேண்டி 1,500 பாகைக்கு மேலும் சுடுவர்.

வெப்பத்தையும் என்ட்ரோபியையும் ஒருங்கே எடையிடும் இம்முறையை முழுமையாக வகுத்தவர் அமெரிக்காவின் வில்லார்ட் கிப்ஸ். 1875 முதல் 1878 வரை வெளிவந்த தம் நெடிய ஆய்வுரையில் அவர் இதனை நிறுவினார். இன்று ‘கட்டிலா ஆற்றல்’ எனக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது இதுவே. பெர்த்தலோவின் கொள்கை வெப்பம் என்னும் ஒரு தட்டை மட்டும் கண்டது. கிப்ஸ் தராசின் இரு தட்டுக்களையும் கண்டார்.

மற்றொரு கணக்கும் இவண் கருதத்தக்கது. தூய வெள்ளைக்கல் ஓராயிரம் கிலோ சூளையில் இட்டால் எஞ்சும் மெக்னீசியா 478 கிலோ மட்டுமே. ஏனைய 522 கிலோவும் கரியமில வாயுவாகி வானில் கலக்கின்றது. எரிபொருளின் புகை இதனின் வேறு. கல்லின் எடையில் பாதிக்கு மேற்பட்டது கண்ணுக்குப் புலனாகாமல் சிதறிவிடுகின்றது. சூளையை இயக்குவதே அச்சிதறல்தான்.

மலை தானே நடத்திய வினை

சூளை சிதைத்த கல்லை முதலில் கட்டியது யார்? இவ்வினாவுக்கு விடை காண மண்ணியலாரை நாட வேண்டும். சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் மண்ணமைப்புப் பற்றி வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகிய இருவரும் எழுதிய விரிவான ஆய்வுரையை இந்திய மண்ணியல் ஆய்வுத் துறை 1864ஆம் ஆண்டில் வெளியிட்டது. கிளாசியஸ் என்ட்ரோபிக்குப் பெயர் சூட்டியது அதற்கு அடுத்த ஆண்டு. சேலத்துக் கற்களை ஆராய்ந்தவரும் சூரிக்கில் அளவைகளை ஆராய்ந்தவரும் ஒருவரையொருவர் நினைத்திருக்க இடமில்லை. எனினும் முன்னவர் விவரித்த பாறைகளின் வரலாற்றைப் பின்னவர் வகுத்த விதி விளக்குகின்றது.

வெண்குன்றுகளின் தாய்ப்பாறை டியூனைட் வகையைச் சார்ந்தது. மெக்னீசியம் செறிந்த ஒலிவின் என்னும் கனிமமே அதன் பெரும்பகுதி. கரியமில வாயு கரைந்த நீர் அப்பாறையின் வெடிப்புக்களில் ஊடுருவியது. ஒலிவினிலிருந்த மெக்னீசியம் அவ்வாயுவுடன் பிணைந்து வெள்ளைக்கல் நரம்புகளாகப் படிந்தது. சிலிக்கா தனியே பிரிந்தது. சூளையில் நிகழ்வதற்கு நேர்மாறான போக்கு இது. வாயு கல்லில் அடங்கியது. அதன் என்ட்ரோபி குறைந்தது.

அங்ஙனமாயின் கிளாசியஸின் விதி மீறப்பட்டதா? இல்லை. ஒரு மோல் கரியமில வாயு இவ்வாறு கல்லாகும்போது ஏறத்தாழ 90 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகின்றது. அவ்வெப்பத்தை ஏற்ற சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி, 300 கெல்வின் அளவில், 300 ஜூல் உயர்கின்றது. வாயு கல்லானதால் ஏற்பட்ட குறைவு ஏறத்தாழ 174 மட்டுமே. கூட்டிக் கழித்தால் உலகின் என்ட்ரோபி உயர்ந்தே உள்ளது. குளிர்ந்த நிலத்தடியில் கல் கட்டப்படுவதும், எரியும் சூளையில் கல் கலைக்கப்படுவதும் ஒரே விதியின் ஆட்சிக்குட்பட்டனவே. வெப்பநிலையே தராசின் முள்ளை இப்பக்கமும் அப்பக்கமும் சாய்க்கின்றது.

மலையுச்சியின் வரலாறோ வேறு. சேர்வராயன் மலையின் உடல் சார்னோக்கைட் என்னும் பாறையாலானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இட்ட கல் இவ்வினத்தைச் சார்ந்தது. அதன்பொருட்டுத் தாமஸ் ஹாலண்ட் என்னும் மண்ணியலார் இப்பெயரை இட்டார். பல்லாவரத்துக் கல்லை முதற்சான்றாகக் கொண்ட அவர்தம் விரிவான ஆய்வுரை 1900ஆம் ஆண்டில் வெளிவந்தது.

உறுதிமிக்க இப்பாறையையும் மழை கரைத்தது. பல இலட்சம் ஆண்டுகள் பெய்த மழைநீர், பாறையிலிருந்த சோடியம், கால்சியம் முதலியவற்றையும் சிலிக்காவின் பெரும்பகுதியையும் கரைத்து ஆறுகளில் விட்டது. நீரில் எளிதிற் கரையாத அலுமினியமும் இரும்பும் உச்சித் தட்டுக்களிலேயே எஞ்சின. அவ்வெச்சமே செந்நிறப் பாக்சைட். எங்கும் விரவிக் கிடந்த அலுமினியம் ஓரிடத்தில் செறிந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் அச்செறிவுக்கு ஈடாக, கரைந்த உப்புக்கள் ஆற்றிலும் கடலிலும் எல்லையின்றிப் பரவின. மலையுச்சியில் தோன்றிய ஒழுங்கின் விலையைக் கடல் ஏற்றுக்கொண்டது.

மேட்டூரின் மின்னுலை

இரும்பைப் பிரித்த கரி, அலுமினியத்தைப் பிரிக்க வல்லதன்று. அலுமினியமும் ஆக்சிஜனும் கொண்ட பிணைப்பு மிகவும் வலிது. வாயு வெளியேறுவதால் கிட்டும் என்ட்ரோபி வரவு அப்பிணைப்பின் வெப்பச் செலவை ஈடுசெய்ய, வெப்பநிலை 2,000 பாகை செல்சியஸைக் கடந்தாக வேண்டும். எனவேதான் கொல்லர் உலைகளில் இரும்பு விளைந்த நெடுங்காலத்தில் அலுமினியம் விளையவில்லை. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சின் பால் எருவும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டனர். உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து, ஏறத்தாழ 950 பாகையில் மின்னோட்டம் செலுத்துவது அவ்வழி. வெப்பத்தால் இயலாததை மின்னாற்றல் இயற்றியது.

சேர்வராயன் மலைக்கு மேற்கே காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. நீரும் மின்னும் உள்ள அவ்விடத்தில், 1960ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சென்னை அலுமினியக் கம்பெனி தன் ஆலையை அமைத்து, 1965ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. என்ட்ரோபி என்னும் சொல் பிறந்து அப்போது நூறாண்டு நிறைந்திருந்தது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மலைப்பாதை வழியே கீழிறங்கி மேட்டூரை அடைந்தது.

அவ்வாலையின் தொழிலில் கணக்கு எவ்வாறு அமைகின்றது? ஒரு டன் அலுமினியத்திற்கு நான்கைந்து டன் பாக்சைட் வேண்டும். அதிலிருந்து முதலில் இரண்டு டன் அலுமினா பெறப்படும். இரும்பு முதலியன செஞ்சேறாகக் கழியும். பின்னர் மின்னுலையில் 13,000 முதல் 15,000 யூனிட் வரை மின்சாரம் செலவாகும். அத்துடன் மின்வாயாக அமைந்த கரியும் ஏறத்தாழ நானூறு கிலோ எரிந்து கரியமில வாயுவாகும். இரும்புலையில் போலவே இங்கும் வாயு வெளியேறுகின்றது. மின்சாரம் அதற்குப் பெருந்துணையாக வருகின்றது. அம்மின்சாரத்துக்காக ஓரிடத்தில் நீர் வீழ்ந்திருக்க வேண்டும், அல்லது நிலக்கரி எரிந்திருக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியப் பாளத்தில் அணுக்கள் வரிசை தவறாமல் நிற்கின்றன. அவ்வரிசைக்கு ஈடான சிதறல் செஞ்சேற்றிலும் புகையிலும் வெதுவெதுப்பான கழிநீரிலும் பரந்து கிடக்கின்றது.

மேட்டூர் அலுமினிய உருக்காலை 2008ஆம் ஆண்டில் தன் உற்பத்தியை நிறுத்தியது. நாற்பதாண்டுக்கு மேலாக அங்கு விளைந்த அலுமினியம் பாத்திரமாகவும் மின்கம்பியாகவும் ஊர்தோறும் பயன்பட்டிருக்கும். மலைமுடியில் அது எடுக்கப்பட்ட இடமோ வெட்டப்பட்டவாறே எஞ்சியது.

மீளாமை

சேலத்துப் பாறைகளை ஆராய்ந்த புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே வாழ்ந்தார். 1863ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வித்திட்டவரும் அவரே. அவர் 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அவர் நினைவிடம் ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் உள்ளது. அவர்தம் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டவர். அவரும் 1882ஆம் ஆண்டில் ஏற்காட்டிலேயே காலமானார். கல்லின் வரலாற்றைத் தேடிய மருமகனும் சொல்லின் வளத்தைத் தேடிய மாமனும் இம்மலையோடு தொடர்புடையராயிருந்தமை தமிழ் ஆர்வலர் நினைவிற் கொள்ளத்தக்கது.

கறந்த பால் மீண்டும் மடிக்குள் புகுவதில்லை என்பது நம் மக்கள் வழக்கில் உள்ள மொழி. சித்தர் மரபில் சிவவாக்கியரும் பிறப்பின் மீளாமையைக் கூற இவ்வுவமையை ஆண்டுள்ளார். கிளாசியஸ் கணக்கால் கண்டதைத் தமிழர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். ஆயினும் இரண்டும் ஒன்றே எனக் கூறிப் பெருமை கொள்வது பொருந்தாது. மீளாமை உண்டு என்று உணர்வது வேறு. அதனை மீட்க எவ்வளவு செலவாகும் என அளப்பது வேறு. முன்னது அறிவுரை, பின்னது அறிவியல்.

அவ்வளவையை வெள்ளைக்கல் சூளைக்கே பொருத்திக் காணலாம். சூளையிலிருந்து வெளியேறிய கரியமில வாயு காற்றில் கலந்துவிட்டது. இன்று காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 420 கரியமில வாயு மூலக்கூறுகள். அவ்வாறு கலந்த ஒரு டன் வாயுவை மீண்டும் பிரித்தெடுக்க, பழுதற்ற எந்திரம் ஒன்று இருப்பினும், 120 யூனிட் அளவு மின்னாற்றலாவது வேண்டும். கலந்ததைப் பிரிப்பதற்கு என்ட்ரோபி விதிக்கும் குறைந்தபட்ச வரி இது. உண்மை எந்திரங்கள் இதனைப் போலப் பன்மடங்கு செலவழிக்கின்றன.

மலை தானே செய்த வினையை இன்று அறிவியலார் பின்பற்ற முயல்கின்றனர். ஐஸ்லாந்து நாட்டில் 2012ஆம் ஆண்டில், கரியமில வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறையினுள் செலுத்தினர். அதன் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளில் கார்பனேட் கல்லாகிவிட்டதை 2016ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஒலிவின் நிறைந்த பாறைகளும் இந்நோக்கில் பல நாடுகளில் ஆராயப்படுகின்றன. சேலத்து வெண்குன்றுகள் நெடுங்காலத்திற்கு முன்பே செய்து முடித்த பணி இது. எஃகு வேண்டி நாம் சூளையில் அவிழ்த்துவிட்டதையே, வானிலை வேண்டி மீண்டும் முடிச்சிட விழைகின்றோம்.

இதனால் சுரங்கமும் சூளையும் கூடா என்று கொள்வது தவறு. எஃகின்றி மருத்துவமனை இல்லை. அலுமினியமின்றி ஊர்களுக்கு மின்கம்பி இல்லை. என்ட்ரோபி விதி எத்தொழிலையும் தடைசெய்வதில்லை. கணக்கைக் குறைத்தெழுத மட்டும் அது இடந்தருவதில்லை. ஏற்கெனவே பிரித்தெடுத்த அலுமினியத்தை மீண்டும் உருக்குவதற்கு, முதன்முறை பிரிப்பதற்கான ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே போதும். பழைய பாத்திரத்திற்கு எடைபோட்டுக் காசு தரும் தெருவணிகர் இவ்விதியை அறியாமலேயே இவ்விதிக்கு இணங்க நடக்கின்றார். அவர் கையிலுள்ள நெளிந்த சொம்பில், மலை பல இலட்சம் ஆண்டுகள் செறித்து வைத்த பொருளும், மேட்டூர் செலவிட்ட மின்சாரமும் இன்னும் சிதறாமல் உள்ளன. அதனைக் குப்பையில் எறிந்தால் இரண்டும் வீணாகும்.

கஞ்சமலையின் உலைகள் அவிந்தன. மேட்டூர் மின்னுலையும் அவிந்தது. அவை ஈட்டிய இலாபமும் இழப்பும் அவ்வக்காலத்து ஏடுகளில் எழுதப்பட்டன. கரியான காடும், வானிற் கலந்த வாயுவும், குறைந்த மலைமுடியும் அவ்வேடுகளில் இடம்பெறவில்லை. அவற்றையும் சேர்த்து எழுதப்படும் கணக்கே முழுக்கணக்கு. சேலத்து வகுப்பறையில் என்ட்ரோபியைக் கற்பிக்கும் ஆசிரியர், கரும்பலகையில் வாய்பாட்டை எழுதியபின் மாணவரைச் சாளரத்தின் வழியே வடக்கே நோக்கச் செய்வாராயின், பாடம் விளங்கும். விளங்கியது மறக்கவும் மறக்காது.